பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு டியூஷன்: எந்த உதவி யாருக்குச் சரிப்படும்?

பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு டியூஷன் வைக்கலாமா என்ற யோசனை பெரும்பாலும் முதல் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்த பிறகுதான் எழுகிறது. கரிம வேதியியலையும் கனிம வேதியியலையும் நன்றாகவே படித்து வந்தவர்கள்கூட இந்தத் தாளில் சறுக்குகிறார்கள். மனப்பாடம் இங்கே பாதித் தூரம்கூடக் கொண்டுபோகாது. சூத்திரம் தெரிந்திருக்கும், இந்தக் கேள்விக்கு அது செல்லுமா செல்லாதா என்பதுதான் தெரியாது. அந்தப் பதற்றத்தில் கிடைத்த முதல் டியூட்டரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். பல நேரம் அது தேவையில்லாத செலவு, சில நேரம் பொருந்தாத ஆள்.

வழிகள் பல இருக்கின்றன. பாடம் நடத்துபவரையே போய்க் கேட்கலாம், கூடப் படிப்பவர்களோடு உட்காரலாம், தனி டியூட்டர் வைத்துக்கொள்ளலாம், கோச்சிங் வகுப்பில் சேரலாம், வீடியோ பார்க்கலாம், ஏஐயிடம் கேட்கலாம். ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணமும் நேரமும். அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: கணக்கின் ஒவ்வொரு அடியிலும் யோசிப்பது யார்? நீங்களா, இல்லை உங்களுக்காக வேறொருவரா?

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. ஒருவருக்கு ஒருவர் என்று தனியாகக் கற்ற மாணவர்கள், வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) அளவுக்கு முன்னால் இருந்ததாகக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். பிறகு 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் அதே அளவில் சுமார் 0.79 என்றுதான் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே தொகுப்பில் இருக்கும் இன்னொரு ஒப்பீடு. இறுதி விடையை மட்டும் சரிபார்க்கும் கற்பித்தல் மென்பொருளின் பலன் 0.31. அடிக்கு அடி நிறுத்தி மாணவரைப் பதில் சொல்ல வைக்கும் மென்பொருளின் பலன் 0.76. ஏறக்குறைய ஒரு நல்ல ஆசிரியருக்குச் சமம். அதாவது, எதிரே உட்கார்ந்திருப்பது ஆளா இயந்திரமா என்பதைக் காட்டிலும் அடிக்கு அடி உங்களிடம் கேள்வி வருகிறதா என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் எல்லா வழிகளையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

முதலில், எங்கே சிக்குகிறது?

விடைத்தாளையும் பயிற்சி நோட்டையும் எடுத்து, தவறிப்போன கணக்குகளில் பேனா எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் டியூட்டர் தேடாதீர்கள்.

சிலருக்குச் சிக்கல் வேதியியலிலேயே இல்லை, கணிதத்தில் இருக்கிறது. பகுதி வகைக்கெழுவின் கீழே சிறிதாக ஓர் எழுத்து இருக்குமே, எதை மாறாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்வது, அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். ஆனால் வெப்ப இயக்கவியலில் விஷயமே அந்த எழுத்துதான். அக ஆற்றலைக் கன அளவு மாறாமல் வெப்பநிலையைப் பொறுத்து வகையிட்டால் ஒரு வெப்ப ஏற்புத்திறன் கிடைக்கும். என்தால்பியை அழுத்தம் மாறாமல் வகையிட்டால் இன்னொன்று கிடைக்கும். ஒரு மோல் நல்லியல்பு வாயுவுக்கு இரண்டின் வித்தியாசம் வாயு மாறிலியான 8.314. இது எப்படி வந்தது என்று எழுதிக் காட்ட முடியவில்லை என்றால், உங்களுக்கு உடனே வேண்டியது கணித டியூட்டர். பல மாறிகள் கொண்ட வகையீட்டை மட்டும் சில வகுப்புகளில் முடித்துவிடலாம். பிசிக்கல் கெமிஸ்ட்ரி நன்றாகத் தெரிந்த டியூட்டர் எங்கேயும் அபூர்வம். கணித டியூட்டர் சுலபமாகக் கிடைப்பார்.

இன்னும் சிலருக்குக் கருத்தே பிடிபடவில்லை. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று ஒரு வரியை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்வியையும் எதிர்கொள்கிறார்கள். பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்குக் குவாண்டம் எண் ஏன் சுழியாக முடியாது என்று கேட்டால் "விதி அப்படி" என்பார்கள். சுழி என்று வைத்தால் அலைச்சார்பு எல்லா இடத்திலும் சுழியாகிவிடும், துகளே இல்லை என்று ஆகிவிடும் என்பதை ஒருவர் அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

மூன்றாவது வகையினர்தான் அதிகம். கரும்பலகையில் போட்டுக் காட்டினால் எல்லாம் புரியும், வீட்டில் தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வராது. எது அமைப்பு, எது சுற்றுப்புறம், எது மாறாமல் இருக்கிறது என்று கேள்வியிலிருந்து பிரித்தெடுக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை. இவர்களுக்கு இன்னும் பத்து விளக்கம் கேட்டாலும் மாற்றம் வராது. பக்கத்தில் ஒருவர் இருக்க, தாங்களே கணக்குப் போட வேண்டும்.

செல்சியஸை கெல்வினாக மாற்ற மறப்பது, லிட்டர்-அட்மாஸ்பியரை 101.325ஆல் பெருக்கி ஜூல் ஆக்காமல் விடுவது, இயல் மடக்கைக்குப் பதில் பத்தடிமான மடக்கையைப் போட்டு 2.303ஐ விட்டுவிடுவது இவையெல்லாம் தவறுகள்தான். இவற்றுக்கு டியூஷன் வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதினால் பெரும்பாலானவை தானாகவே கண்ணில் பட்டுவிடும்.

பாடம் நடத்துபவர்

கையில் இருந்தும் அதிகம் வீணாகும் உதவி இதுதான். செலவு கிடையாது, உங்கள் பாடத்திட்டம் அவருக்குத் தெரியும், கேள்வித்தாளும் பெரும்பாலும் அவர் கையில்தான். வெளியாள் யாரும் தர முடியாத இன்னொன்றும் அவரிடம் இருக்கிறது: உங்கள் வகுப்பில் பின்பற்றும் குறிமரபு. சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக்கின் பரிந்துரைப்படி, அமைப்பின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. அக ஆற்றலின் மாற்றம் என்பது வெப்பமும் வேலையும் சேர்ந்த கூட்டல். பொறியியல் புத்தகங்கள் பலவற்றிலும் பழைய இயற்பியல் புத்தகங்களிலும் அமைப்பு செய்யும் வேலைதான் நேர்க்குறி. அங்கே வெப்பத்திலிருந்து வேலையைக் கழிப்பார்கள். இரண்டும் சரியே. ஆனால் ஒரு வீடியோவில் ஒன்றையும் வகுப்பில் இன்னொன்றையும் படித்துவிட்டுத் தேர்வில் கலந்து எழுதினால், புரிந்த பாடத்திலேயே மதிப்பெண் போகும்.

குறை என்னவென்றால் அவருக்கு நேரம் குறைவு, நமக்குத் தயக்கம் அதிகம். "சார், இந்தச் சாப்டர் எதுவுமே புரியவில்லை" என்று போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, "இந்த வரி வரை வந்துவிட்டேன், அடுத்து என்ன மாறாமல் இருக்கிறது என்று பிடிபடவில்லை" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும். துறையில் ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடத்தில் அவர்களும் சமீபத்தில்தான் தடுமாறியிருப்பார்கள். எது கஷ்டம் என்று அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

கூடப் படிப்பவர்கள்

குழுவாகப் படிப்பதைச் சிலர் நேரவிரயம் என்பார்கள். தலைவர் இல்லாத குழு பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆனால் இதே குழுவைச் சரியாக நடத்தும் முறை ஒன்று இருக்கிறது. 1990களில் நியூயார்க் சிட்டி கல்லூரியின் வேதியியல் வகுப்பில் தொடங்கிய முறை அது. அதே பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர் ஒருவர் ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுவை வாராவாரம் வழிநடத்துவார். அவர் விடை சொல்லித்தர மாட்டார். குழு தானாக விடைக்கு வரும்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் ஒரு சீனியரைப் பிடித்து இதைச் செய்துபார்க்கலாம். மூன்றாவது வகையினருக்கு, அதாவது முதல் வரி வராதவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். எல்லோரும் ஒரே இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மட்டும் குழுவால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்.

தனி டியூட்டர்

பணம் அதிகம் போகும் இடம் இது. நல்ல ஆள் அமைந்தால் பலனும் இங்கேதான் அதிகம். ஆனால் பட்டத்தையோ பேச்சையோ வைத்து நல்ல ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் வகுப்பிலேயே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நான் பரிந்துரைக்கும் கணக்கு இது:

ஒரு மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வினில், 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு விரிகிறது. வெப்பநிலை மாறவில்லை. இதை மூன்று விதமாகச் செய்கிறோம்: மீள் முறையில் (ஒவ்வொரு கணமும் சமநிலை கலையாதபடி மிக மெதுவாக), இறுதி அழுத்தத்துக்குச் சமமான மாறாத வெளி அழுத்தத்துக்கு எதிராக, அப்புறம் வெற்றிடத்துக்குள். ஒவ்வொன்றிலும் என்ட்ரோபி மாற்றம் என்ன?

கணக்கு எளிது. மீள் முறையில் வாயு செய்யும் வேலை சுமார் 1729 ஜூல், இரண்டாவதில் 1247 ஜூல், வெற்றிடத்தில் சுழி. அக ஆற்றல் மாறாததால் உள்ளே வரும் வெப்பமும் முறையே அதே அளவுதான். வாயுவின் என்ட்ரோபி மட்டும் மூன்றிலும் ஒரே அளவு கூடுகிறது: கெல்வினுக்கு 5.76 ஜூல். மாணவர் இங்கே கட்டாயம் கேட்பார்: வெற்றிடத்தில் விரியும்போது வெப்பமே வரவில்லையே, அப்படியென்றால் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் சுழிதானே வர வேண்டும்?

டியூட்டர் இந்தக் கேள்விக்கு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "என்ட்ரோபி நிலைச்சார்பு, தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டுமே பொறுத்தது, அதனால் வழி மாறினாலும் அதன் மாற்றம் ஒன்றுதான்" என்று ஒரே வரியில் முடித்துச் சூத்திரத்தை எழுதிவிட்டால், அவர் சொன்னது சரிதான், ஆனால் உங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. நல்ல டியூட்டர் பேனாவை உங்கள் பக்கம் தள்ளுவார். "அந்த வகுத்தலில் வருவது எந்த வெப்பம்? நடந்த வெப்பமா, மீள் முறையில் நடந்திருந்தால் வந்திருக்கும் வெப்பமா?" என்று கேட்பார். நீங்கள் யோசித்துப் பதில் சொன்னதும், "சரி, சுற்றுப்புறத்துக்கு என்ன ஆனது, அதையும் போடுங்கள்" என்பார். மீள் முறையில் சுற்றுப்புறம் இழப்பது 5.76, கூட்டினால் சுழி. இரண்டாவதில் இழப்பது 4.16, மொத்தத்தில் சுமார் 1.6 மிஞ்சும். வெற்றிடத்தில் சுற்றுப்புறத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை, முழு 5.76ம் மிஞ்சும். இந்த மூன்று எண்களையும் நீங்களே எழுதி வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, மீளாத்தன்மை என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்று தெரியவரும். இரண்டாம் விதி அதற்குப் பிறகு வெறும் வாக்கியமாக இருக்காது. இந்த இடம்வரை உங்களை நடத்திக் கொண்டுவருபவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

டியூட்டரின் படிப்பும் கணக்கில் வரும். இயற்பியல் படித்தவர்கள் குவாண்டம் பகுதியிலும் புள்ளியியல் வெப்ப இயக்கவியலிலும் பலமாக இருப்பார்கள். ஆனால் கரைசல்கள், நிலைமை வரைபடம், மின்வேதியியல், வினைவேகவியல் என்று வந்தால் பழக்கம் இல்லாமல் போகலாம். வேதியியல் படித்தவர்களில் பலர் இதற்கு நேர் எதிர். எந்தப் பகுதியில் உதவி வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பகுதியிலிருந்தே ஒரு கணக்கைக் கொடுங்கள். முழு செமஸ்டருக்கும் ஒரே ஆள் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நேரிலா ஆன்லைனிலா? தகுதியான ஆள் எங்கே இருக்கிறாரோ அதுவே பதில். ஆன்லைனில் ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் எழுதுவது அவருக்குத் தெரிய வேண்டும். போனை மேலே நிறுத்தி நோட்டைக் காட்டினாலும் சரி, டேப்லெட்டில் எழுதினாலும் சரி. அவர் திரையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அது வீடியோ பார்ப்பதுதான், கொஞ்சம் விலை அதிகமான வீடியோ.

எத்தனை வகுப்பு? வாரம் மூன்று நாள் என்று ஆரம்பிப்பவர்கள் பலர், இடையில் தாங்களாகக் கணக்குப் போட நேரமே இல்லாமல், டியூட்டர் முன்னால் மட்டும் போடப் பழகிவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை, அதற்குள் போட்டு மாட்டிக்கொண்ட கணக்குகளோடு போவது எவ்வளவோ மேல்.

கோச்சிங் வகுப்பு

போட்டித் தேர்வுக்கு என்றால் சரி. கேள்விகளின் பாணி பழகும், வேகம் வரும். கல்லூரிப் பாடத்தில் தடுமாறுபவருக்கு இது இரண்டாவது விரிவுரை, அவ்வளவுதான். முதல் விரிவுரையில் புரியாதது கூட்டத்தோடு இரண்டாம் முறை கேட்டால் புரியும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

வீடியோவும் திறந்த பாடநூல்களும்

கருத்து பிடிபடாதவர்களுக்கு இவை நல்ல துணை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 5.60 என்ற எண்ணில், வெப்ப இயக்கவியலும் வேகவியலும் சேர்ந்த முழு விரிவுரை வரிசை 2008ஆம் ஆண்டு வகுப்பறையில் எடுத்தது, இலவசமாக இருக்கிறது. நடத்துபவர்களில் ஒருவர் மௌங்கி பாவெண்டி. குவாண்டம் புள்ளிகளுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். படிக்க லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற திறந்த பாடநூல் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் வீடியோ உங்களிடம் எதையும் கேட்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். விரிவுரையாளர் ஒரு சமன்பாட்டைத் தொடங்கும்போது நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு வரியை நீங்களே எழுதி, அப்புறம் ஓட விடுங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அப்படிப் பார்க்க முடியாவிட்டால், ஒரு விரிவுரையை மட்டும் எடுத்து முழுதாகச் செய்யுங்கள்.

ஏஐ

சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். இரவு எந்த நேரத்திலும் பதில் வரும், ஒரே கேள்வியை எத்தனை முறை வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் கேட்கலாம், தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். இதெல்லாம் உண்மையான லாபம். தவறும் செய்கிறது, அதுதான் சிக்கல். பெரும்பாலும் தவறும் சரியான பதில் மாதிரியே தயங்காமல் வரும். தொடங்கும்போது ஒரு குறிமரபு, நடுவில் இன்னொன்று என்று மாறலாம். நீண்ட எண்கணக்கில் ஓர் அலகு வழுக்கலாம். பாடம் தெரிந்தவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பாடம் தெரியாமல்தானே நாம் கேட்கிறோம்.

பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு" என்று கேட்டால், வான்லேன் தொகுப்பில் பலன் குறைவாக வந்ததே, அந்த விடை சரிபார்க்கும் மென்பொருளைவிடவும் கீழே இறங்கிவிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் போட்ட கணக்கை வரிவரியாகக் கொடுத்து, "முதல் தவறு எந்த வரியில் என்று மட்டும் சொல், விடை வேண்டாம், திருத்தவும் வேண்டாம்" என்று கேளுங்கள். "வெப்ப இயக்கவியலில் என்னை ஒவ்வொரு கேள்வியாகக் கேள், நான் பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது" என்றும் கேட்கலாம். வந்த பதிலை இரண்டு விதத்தில் சோதியுங்கள்: அலகு ஒத்துவருகிறதா, எல்லை நிலையில் சரியாக இருக்கிறதா. மேலே சொன்ன விரிவு கணக்கிலேயே, மீளா முறையில் கிடைத்த வேலை 1729ஐத் தாண்டினால் எங்கோ தவறு. வாயு செய்யும் வேலை மீள் முறையில்தான் உச்சம்.

வீட்டுக் கணக்குக்கு முழு விடை விற்கும் தளங்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பல கல்லூரிகளில் அது விதிமீறல் என்பது ஒரு பக்கம். அதைவிட, நீங்கள் எங்கே சிக்குகிறீர்கள் என்று காட்டக்கூடிய ஒரே தடயத்தை அவை அழித்துவிடுகின்றன.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

செமஸ்டர் ஆரம்பத்தில் இருந்தால் நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு முறை சீனியரோடு குழு, மாட்டிய கணக்குக்குப் பேராசிரியர், இடையில் சரிபார்க்க ஏஐ. கணிதம்தான் குறை என்றால் முதல் மாதத்திலேயே கணித டியூட்டர். இதைத் தள்ளிப்போட்டால் குவாண்டம் பகுதி வரும்போது இரண்டு மடங்கு சிரமம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட பகுதி வசப்படவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் தனி டியூட்டர்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது குழு அமைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பழைய கேள்வித்தாள் இரண்டை நேரம் வைத்துப் போட்டு, மதிப்பெண் அதிகமாகப் போன இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு நேரே தனி டியூட்டரிடம் போங்கள். பாடத்தை முதலிலிருந்து நடத்த விடாதீர்கள். அந்தத் தாள்களையே அவர் முன்னால் மறுபடி போடுங்கள்.

எந்த வழியில் போனாலும், மூன்று வாரம் கழித்து ஒரு சோதனை: உதவியோடு போட்ட ஒரு கணக்கை, எண்களையும் நிபந்தனையையும் மாற்றி, புத்தகம் இல்லாமல் தனியாகப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை மாறாத விரிவைப் படித்தீர்கள் என்றால், வெப்பம் பரிமாறாத விரிவைப் போடுங்கள். முதல் வரி வந்துவிட்டால் அதே வழியில் தொடரலாம். வரவில்லையென்றால் ஆளையோ வழியையோ மாற்றுங்கள். டியூட்டர் நல்ல மனிதர், சொன்னால் மனம் வருத்தப்படுவார் என்பதற்காக இன்னொரு மாதம் ஓட்ட வேண்டாம்.